ஆக்கோர்: கலக்கத்தின் பள்ளத்தாக்கு, நம்பிக்கையின் வாயில்

விவிலியத்தில் வரும் ஊர்ப்பெயர்கள் பல நம் நாவில் நாள்தோறும் பழகியவை. பெத்லகேம், நாசரேத்து, கானா, தாபோர், கார்மேல் என்னும் பெயர்களைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் ஓர் இனிமை பிறக்கின்றது. அவற்றை இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் மடங்களுக்கும் சூட்டி மகிழ்கிறோம். ஆனால் 'ஆக்கோர்' என்று எவரும் தம் வீட்டு வாயிலில் எழுதி வைப்பதில்லை. அப்படி ஒரு பெயர் விவிலியத்தில் உண்டு என்பதே நம்மில் பலர் அறியாத செய்தி.

அறியாமல் போனதில் வியப்பும் இல்லை. பழைய ஏற்பாடு முழுவதிலும் இப்பெயர் ஐந்தே முறைதான் வருகின்றது. யோசுவா நூலில் மூன்று முறை (7:24, 7:26, 15:7), எசாயா நூலில் ஒரு முறை (65:10), ஓசேயா நூலில் ஒரு முறை (2:15). புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. பொதுக்காலத்தின் எட்டாம் ஞாயிறன்று இரண்டாம் ஆண்டு வரிசையில் ஓசேயாவின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து முதல் வாசகம் எடுக்கப்படுகின்றது. ஆயினும் தொடர்ச்சியாக அன்றி, தேர்ந்தெடுத்த அடிகளாக அமைந்த அவ்வாசகத்தில் ஆக்கோர் என்ற பெயர் வரும் அடி இடம் பெறவில்லை. ஆகவே திருப்பலிக்குத் தவறாது வருவோரின் செவியிலும் இப்பெயர் விழாமற் போவது இயல்பே.

ஆயினும் இந்த ஐந்து இடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் படிப்போமாயின், ஒரு பெயரை இறைவன் எவ்வாறு கையாளுகிறார் என்பது நமக்கு விளங்கும். அதிலும் குடும்பமாக வாழ்வோர் அறிய வேண்டிய அரியதோர் உண்மை இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

சொல்லின் வேர்

தமிழ்ச் செவிக்கு 'ஆக்கோர்' என்பது 'ஆக்குவோர்' என்பதுபோல் ஒலிக்கலாம். ஆனால் எபிரேய மொழியில் அதன் பொருள் ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. அச்சொல்லின் வேர் கலக்குதல், குழப்புதல், துன்பத்துள் ஆழ்த்துதல் என்னும் பொருள்களைத் தருவது. அரபு மொழியில் இவ்வேருக்கு உறவான சொல் நீர் கலங்குதலைக் குறிக்கின்றது; இக்கால எபிரேயத்திலும் கலங்கிய நீரைச் சொல்ல இவ்வேரிலிருந்து வந்த சொல்லே வழங்குகின்றது.

இங்கே தமிழர்களாகிய நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கின்றது. குளத்து நீர் கலங்கிற்று என்கிறோம். மனம் கலங்கிற்று என்றும் சொல்கிறோம். குடும்பத்தில் கலகம் மூண்டது என்கிறோம். அடியில் படிந்து கிடந்த சேறு மேலெழுந்து, தெளிந்த நீரைக் கெடுப்பதே கலக்கம். ஆக்கோர் என்பதற்குக் 'கலக்கம்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது.

இவ்வேர் விவிலியத்தில் வருமிடங்கள் பலவும் வீட்டையும் நாட்டையும் பற்றியவை. சிமியோனும் லேவியும் செக்கேம் நகரில் செய்த கொடுஞ்செயலால் தமக்குக் கேடு சூழ்ந்தது என்று தந்தை யாக்கோபு வருந்தியபோது ஆண்ட சொல் இதுவே (தொடக்கநூல் 34:30). எண்ணிப் பாராது நேர்ந்துகொண்ட இப்தா, தன் ஒரே மகள் எதிரே வரக் கண்டு கதறியபோது இச்சொல்லே அவன் வாயில் வந்தது (நீதித்தலைவர்கள் 11:35). சவுலின் அறிவற்ற ஆணை நாட்டையே துன்புறுத்திற்று என்று அவன் மகன் யோனத்தான் கூறியதும் இச்சொல்லால்தான் (1 சாமுவேல் 14:29). ஆகாபு மன்னன் எலியாவை நோக்கி, இஸ்ரயேலைக் கலக்குபவன் நீதானோ என்று கேட்டான்; கலக்குபவன் தாமல்லர், மன்னனும் அவன் தந்தை வீட்டாருமே என்று இறைவாக்கினர் அஞ்சாது விடையிறுத்தார் (1 அரசர்கள் 18:17-18).

நீதிமொழிகள் நூல் இச்சொல்லை வீட்டுக்குள்ளேயே கொண்டு வருகின்றது. நேர்மையற்ற வருவாயின்மேல் பேராசை கொண்டவன் தன் வீட்டையே கலக்குகிறான் என்றும் (15:27), தன் வீட்டைக் கலக்குபவனுக்கு உரிமைச்சொத்தாகக் கிடைப்பது வெறுங்காற்றே என்றும் (11:29) அந்நூல் எச்சரிக்கின்றது. இந்த எச்சரிக்கைகளுக்கு ஓர் உருவம் கொடுத்தாற்போல் நிற்பவனே ஆக்கான்.

பெயர் பிறந்த கதை

எரிக்கோ நகரம் வீழ்ந்தது. அந்நகரின் பொருள்கள் எவையும் தனி மனிதர்க்கு உரியவை அல்ல என்றும், பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் இரும்பும் ஆண்டவரின் கருவூலத்தைச் சேர வேண்டும் என்றும் யோசுவா முன்கூட்டியே கட்டளையிட்டிருந்தார். மீறினால் பாளையம் முழுவதற்கும் கலக்கம் நேரும் என்று அவர் எச்சரித்தபோது, நாம் மேலே கண்ட அதே வேர்ச்சொல்லே அங்கும் வந்தது (6:18). பள்ளத்தாக்கின் பெயர் பிறக்குமுன்பே அதன் நிழல் விழுந்துவிட்டது என்க.

யூதா குலத்தைச் சேர்ந்த ஆக்கான் மூன்று பொருள்களைக் கண்டான். சினயார் நாட்டு அழகிய மேலாடை ஒன்று. இருநூறு செக்கேல் வெள்ளி. ஐம்பது செக்கேல் நிறையுள்ள பொன்பாளம் ஒன்று. ஒரு செக்கேல் ஏறத்தாழ 11.4 கிராம் எனக் கொண்டால், வெள்ளி இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல். பொன் 570 கிராம், அதாவது நம் கணக்கில் எழுபது பவுனுக்கு மேல். சிறிய ஆசை அன்று அது. அவற்றை எடுத்துத் தன் கூடாரத்தின் நடுவே மண்ணைத் தோண்டிப் புதைத்தான்.

பின்னர் ஆயி என்னும் சிற்றூரின்மேல் ஏறக்குறைய மூவாயிரம் பேர் படையெடுத்துச் சென்றனர். எளிதில் வெல்லலாம் என்று எண்ணிய இடத்தில் முறியடிக்கப்பட்டு, முப்பத்தாறு பேரைப் பலி கொடுத்து ஓடி வந்தனர். இந்த முப்பத்தாறு பேரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஆக்கானின் கூடாரத்துக்குள் நடந்ததை அவர்கள் அறியார். ஆயினும் அதன் விலையை அவர்களும், அவர்களுடைய மனைவி மக்களுமே முதலில் கொடுத்தனர். மறைவில் செய்த பாவம் செய்தவனோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குலம் குலமாகவும், குடும்பம் குடும்பமாகவும், இறுதியில் ஆள் ஆளாகவும் மக்கள் ஆண்டவர் திருமுன் வரவழைக்கப்பட்டனர். குற்றவாளி ஆக்கான் என்று வெளிப்பட்டது. அப்போது யோசுவா அவனை எப்படி அழைத்தார் தெரியுமா? 'மகனே' என்றுதான் அழைத்தார். கடவுளை மாட்சிப்படுத்தி, செய்ததை மறையாமல் சொல்லும்படி கேட்டார். ஆக்கானும் கண்டதையும், ஆசைப்பட்டதையும், எடுத்துக்கொண்டதையும், மறைத்து வைத்ததையும் முறைப்படி கூறினான். ஏதேன் தோட்டத்தில் ஏவாளும் இதே படிகளில்தான் இறங்கினாள். அவள் கண்டாள், விரும்பினாள், எடுத்தாள். பின்னர் இருவரும் ஒளிந்துகொண்டனர்.

இக்கதையில் மனத்தை உறுத்தும் ஒரு செய்தியும் உண்டு. எரிக்கோவை அடுத்து ஆயி நகரம் பிடிபட்டபோது, அந்நகரின் பொருள்களையும் கால்நடைகளையும் மக்கள் எடுத்துக்கொள்ள ஆண்டவரே இசைவு தந்தார் (8:2). சற்றே பொறுத்திருந்தால் ஆக்கானுக்கு முறைப்படியே பங்கு கிடைத்திருக்கும்! பொறுமையின்மையே பல குடும்பங்களில் நேர்மையின்மையாக உருமாறுகின்றது.

ஆக்கானையும், அவன் மகன்களையும் மகள்களையும், ஆடுமாடுகளையும், கூடாரத்தையும், திருடிய பொருள்களையும் ஒரு பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோயினர். அவன் தங்களைக் கலக்கியதால் ஆண்டவரும் அவனைக் கலக்குவார் என்று யோசுவா கூற, மக்கள் கல்லெறிந்து கொன்று, அதன்மேல் பெருங்கற்குவியல் எழுப்பினர். அன்றுமுதல் அவ்விடம் ஆக்கோர் பள்ளத்தாக்கு எனப்பட்டது. இப்பெயர் அவனையும் விடவில்லை. குறிப்பேட்டு ஆசிரியர் அவன் பெயரின் இறுதி எழுத்தையே மாற்றி, 'ஆக்கார்' என்று, அதாவது கலக்குபவன் என்றே எழுதி வைத்தார் (1 குறிப்பேடு 2:7).

கடினமானதொரு கேள்வி

தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளைகள் ஏன் மாளவேண்டும்? இக்கேள்வி எழாமல் இப்பகுதியைப் படிப்பவர் இருக்க முடியாது. எழவும் வேண்டும். குடும்பம் முழுவதையும் ஓருடலாகக் கருதி, ஒருவன் குற்றத்தை அனைவர் மேலும் சுமத்திய பழங்கால வழக்கத்தின் சூழலில் எழுதப்பட்ட வரலாறு இது. ஆனால் விவிலியம் இவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. பிள்ளைகளுக்காகப் பெற்றோரோ, பெற்றோருக்காகப் பிள்ளைகளோ கொல்லப்படலாகாது என்று இணைச்சட்ட நூல் விதிக்கின்றது (24:16). தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினர் ஓர் அதிகாரம் முழுவதிலும் வாதிடுகிறார் (18). பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் அக்காலத்துக்கு மட்டுமே உரியவையும் உண்டு என்றும், ஆயினும் அவை இறைவன் மக்களைப் படிப்படியாகப் பயிற்றுவித்த முறையைக் காட்டுகின்றன என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் தெளிவுபடுத்தியது.

ஆகவே ஒரு வீட்டில் ஒருவர் செய்த குற்றத்தை அவ்வீட்டுப் பிள்ளைகளின் தலையில் சுமத்தும் உரிமையை யோசுவா நூலிலிருந்து எவரும் பெற்றுக்கொள்ள முடியாது. 'அவன் மகன்தானே இவன்' என்று பேசும் நாவுகள் எசேக்கியேல் நூலை இன்னும் படிக்கவில்லை என்றே பொருள்.

பள்ளத்தாக்கு எங்கே?

யூதா குலத்தின் வட எல்லையை வரையும்போது யோசுவா நூல் ஆக்கோரை மீண்டும் குறிப்பிடுகின்றது (15:7). எல்லைக்கோடு ஆக்கோரிலிருந்து தெபீருக்கு ஏறி, அதும்மிம் ஏற்றத்துக்கு எதிரே செல்கின்றது. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் நெடுவழியில் உள்ளதே அந்த ஏற்றம். கள்வர் கையில் சிக்கிய வழிப்போக்கனையும் நல்ல சமாரியரையும் பற்றி ஆண்டவர் கூறிய உவமைக்குரிய வழி அது.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த செசரியா ஆயர் யுசேபியுஸ், விவிலிய இடப்பெயர்களைத் தொகுத்த தம் நூலில் ஆக்கோர் எரிக்கோவுக்கு வடக்கே இருப்பதாகக் குறித்தார். அந்நூலைப் புனித எரோணிமுஸ் இலத்தீனில் பெயர்த்தார். இக்கால ஆய்வாளர் பலரோ, எல்லை விவரிப்பைக் கருத்தில் கொண்டு, எரிக்கோவுக்குத் தெற்கே, கும்ரான் செங்குத்துப் பாறைகளுக்கு மேற்கே உள்ள 'புக்கையா' என்னும் வறண்ட சமவெளியே ஆக்கோர் எனக் கருதுகின்றனர். 1955ஆம் ஆண்டு ஃபிராங்க் கிராஸ், யோசேப் மிலிக் என்னும் இரு அறிஞர்கள் அங்கே ஆய்வு நடத்தினர். யூதா அரசர் காலத்துச் சிறு கோட்டைக் குடியிருப்புகள் மூன்று அங்கே இருந்ததை அவர்கள் கண்டனர். மழைக்காலத்தில் ஓடைகளில் பாய்ந்து வரும் வெள்ளத்தைக் கல்லணைகளால் மறித்து அம்மக்கள் பயிர் செய்திருந்தனர்.

எரிக்கோ கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே கிடப்பது. அங்கிருந்து மலைநாட்டுக்கு ஏறுபவன் இந்த வறண்ட நிலப்பகுதியைக் கடந்தே ஆகவேண்டும். வாக்களிக்கப்பட்ட நாட்டின் தலைவாயிலில் கிடக்கும் பாலைவெளி அது. அந்தத் தலைவாயிலிலேதான் இஸ்ரயேலின் முதற்கறை படிந்தது. இந்த அமைப்பை மனத்திற் கொண்டால்தான் அடுத்து வரும் இறைவாக்கின் ஆழம் புலப்படும்.

ஓசேயாவின் குரல்

நூற்றாண்டுகள் உருண்டன. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வட நாட்டில் ஓசேயா இறைவாக்குரைத்தார். மனைவி கோமேரின் பிரமாணிக்கமின்மையால் உடைந்த உள்ளத்தினர் அவர். தம் இல்லத்தின் துயரத்திலிருந்தே இறைவனின் துயரத்தை உணர்ந்து பேசியவர். அவருடைய பிள்ளைகளின் பெயர்களே தண்டனையை அறிவித்தன. ஒன்று இரத்தப்பழி படிந்த இஸ்ரியேல் என்னும் ஊரின் பெயர். மற்றொன்று 'இரக்கம் பெறாதவள்'. இன்னொன்று 'என் மக்கள் அல்ல'.

அந்த இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் நீதிமன்றத்தில் வழக்காடும் கணவனைப்போல் தொடங்குகிறார். குற்றங்கள் அடுக்கப்படுகின்றன. கேட்போர் தீர்ப்பை எதிர்நோக்கி நிற்கும் வேளையில், பேச்சு திடீரெனத் திரும்புகின்றது. அவளைத் தண்டிக்கப் போவதாக அன்று, பாலைநிலத்துக்கு அழைத்துச் சென்று நெஞ்சோடு பேசப் போவதாக ஆண்டவர் கூறுகிறார். அங்கிருந்து அவளுக்குத் திராட்சைத் தோட்டங்களைத் தருவதாகவும், ஆக்கோர் பள்ளத்தாக்கை நம்பிக்கையின் வாயிலாக ஆக்குவதாகவும் வாக்களிக்கிறார்.

எகிப்திலிருந்து வந்த முதற்பயணத்தில் மக்கள் பாலைவெளியைக் கடந்து, எரிக்கோ வழியாக நுழைந்து, ஆக்கோரில் இடறினர். இரண்டாம் முறையும் அதே வழியில்தான் இறைவன் அழைத்து வருகிறார். ஆக்கோரைச் சுற்றிக்கொண்டு செல்லும் வேறு வழியை அவர் காட்டவில்லை. இடறிய இடமே நுழையும் இடமாகின்றது.

இங்கே ஒன்றை நாம் உற்று நோக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர்களை இறைவன் மாற்றினார். 'என் மக்கள் அல்ல' என்பதிலிருந்து 'அல்ல' என்னும் சொல் நீக்கப்பட்டது. ஆனால் பள்ளத்தாக்கின் பெயரை அவர் மாற்றவில்லை. அது இன்னும் ஆக்கோர்தான். கற்குவியலை அப்புறப்படுத்தியதாகவும் செய்தி இல்லை. நடந்தது நடக்கவில்லை என்று இறைவன் சொல்வதில்லை. நடந்த இடத்திலேயே ஒரு கதவைத் திறந்து வைக்கிறார்.

பெயர்களின் வரிசையிலும் ஒரு வியப்பு உண்டு. யோசுவாவின் முதற்பெயர் ஓசேயா என்பதே; மோசேதான் அதை யோசுவா என மாற்றினார் (எண்ணிக்கை 13:16). இரண்டுமே மீட்பைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இயேசு என்னும் திருப்பெயரும் யோசுவா என்பதன் மற்றொரு வடிவமே. ஒரு யோசுவாவின் காலத்தில் மூடப்பட்ட பள்ளத்தாக்கில் ஓர் ஓசேயா கதவைக் கண்டார். நானே வாயில் என்று சொன்னவரிடம் (யோவான் 10:9) அக்கதவு முழுதும் திறந்தது.

சிவப்புக் கயிறு

ஓசேயா 'நம்பிக்கை' என்பதற்கு வழங்கிய எபிரேயச் சொல் 'திக்வா'. இதே ஒலியுடைய சொல் யோசுவா நூலிலும் வருகின்றது. அங்கு அதன் பொருள் கயிறு. எரிக்கோவில் ஒற்றர்களைக் காப்பாற்றிய இராகாபு, தன் பலகணியில் கட்டி வைத்த சிவப்புக் கயிற்றுக்கு வழங்கப்பட்ட சொல் அதுவே (2:18, 21).

எரிக்கோவின் கதையில் இரு வீடுகள் எதிரெதிரே நிற்கின்றன. இராகாபு வேற்றினத்தாள், ஊரார் இகழ்ந்த தொழிலினள். அவள் எல்லாரும் காணுமாறு ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டாள். தன் தந்தை, தாய், உடன்பிறந்தார் அனைவரையும் அக்கயிற்றின் கீழ்க் கூட்டிச் சேர்த்துக் காப்பாற்றினாள். ஆக்கானோ யூதா குலத்து நன்மகன். எவரும் காணாதவாறு பொன்னைப் புதைத்தான். தன் வீட்டார் அனைவரையும் அப்பொன்னோடு அழித்தான். வெளியே கட்டிய கயிறு ஒரு குடும்பத்தைக் காத்தது. உள்ளே புதைத்த பொன் ஒரு குடும்பத்தைக் கெடுத்தது. அந்த இராகாபின் பெயரைத்தான் மத்தேயு நம் ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் பொறித்தார் (1:5).

எசாயா நூலின் இறுதிப் பகுதி ஆக்கோரைப் பற்றிக் கடைசியாகப் பேசுகின்றது. மேற்கே சாரோன் சமவெளி ஆட்டுக்கிடையாகும். கிழக்கே ஆக்கோர் பள்ளத்தாக்கு மாடுகள் படுத்து இளைப்பாறும் இடமாகும். ஆண்டவரைத் தேடிய மக்களுக்கே அவை உரியனவாகும். ஆக்கானின் மாடுகளும் கழுதைகளும் மடிந்த இடத்தில் மந்தைகள் அச்சமின்றி அசைபோடுகின்றன. கலங்கிய நீர் தெளிந்துவிட்டது.

பிற்கால வழக்கு

கிரேக்க மொழியில் பழைய ஏற்பாட்டைப் பெயர்த்தோர் ஓசேயாவின் சொற்றொடரை வேறு விதமாகக் கொண்டனர். ஆக்கோர் அவளுடைய அறிவைத் திறப்பதற்காக என்று அவர்கள் எழுதினர். புனித எரோணிமுஸ் எபிரேய மூலத்தை நாடி, நம்பிக்கையைத் திறப்பதற்காக என இலத்தீனில் பெயர்த்தார். துன்பம் அறிவைத் திறக்கின்றது என்பதும் உண்மையே. ஆனால் அறிவு மட்டும் திறந்து நம்பிக்கை திறவாவிட்டால், மனிதனுக்கு மிஞ்சுவது யூதாசின் கழிவிரக்கமே.

1952ஆம் ஆண்டு கும்ரான் அருகே ஒரு குகையில் செப்புத் தகட்டாலான சுருள் ஒன்று கிடைத்தது. துருவேறி விரிக்க இயலாதிருந்த அதனை 1955-56இல் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில் நுண்ணிய வாளால் கீற்றுக் கீற்றாக அறுத்தே படித்தனர். பொன்னும் வெள்ளியும் புதைத்து வைத்த அறுபதுக்கு மேற்பட்ட இடங்களின் பட்டியல் அது. அதன் முதற்குறிப்பே ஆக்கோர் பள்ளத்தாக்கைச் சுட்டுகின்றது! அங்கே ஒரு பாழிடத்தில், படிக்கட்டின் கீழ், வெள்ளி நிறைந்த பெட்டி ஒன்று இருப்பதாகக் கூறுகின்றது. தேடியவர் எவர்க்கும் புதையல் கிட்டவில்லை. ஆக்கான் தான் புதைத்த பொருள்களோடு கொண்டுபோகப்பட்ட அதே பள்ளத்தாக்கில் மனிதர் மீண்டும் புதைக்கவும் தோண்டவும் முற்பட்டது, மனித இயல்பு மாறாதது என்பதையே காட்டுகின்றது. அச்சுருள் இன்று அம்மான் நகரிலுள்ள யோர்தான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

1878ஆம் ஆண்டு எருசலேமைச் சேர்ந்த யூதர் சிலர் எரிக்கோவுக்கு அருகே நிலம் வாங்கி உழவு செய்ய விரும்பினர். அதற்குத் துருக்கிய அரசின் இசைவு கிட்டவில்லை. ஆகவே மேற்கே யார்க்கோன் ஆற்றின் அருகே நிலம் வாங்கினர். ஆனால் எரிக்கோ மண்ணுக்கென எண்ணி வைத்திருந்த பெயரை அவர்கள் கைவிடவில்லை. 'பெத்தா திக்வா' என்றே அவ்வூருக்குப் பெயரிட்டனர். 'நம்பிக்கையின் வாயில்' என்பது அதன் பொருள்; ஓசேயாவின் சொற்களேதான். மலேரியாக் காய்ச்சல் அவர்களை விரட்டியது; சில ஆண்டுகளில் மீண்டும் வந்து குடியேறினர். இன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரம் அது. அவர்கள் ஊர்ப்பெயராகக் கொண்டது வாக்குறுதியின் பின்பாதியை. முன்பாதியாகிய ஆக்கோர் விவிலியத்திலேயே தங்கிவிட்டது. மனிதர் நாம் எல்லாரும் இப்படித்தான். வாயிலை விரும்புகிறோம், அந்த வாயில் எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கின்றது என்பதை நினைக்க விரும்புவதில்லை.

நம் இல்லங்களில்

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஆக்கோர் உண்டு. பங்கு பிரிக்கையில் உடன்பிறந்தானுக்குச் செய்த அநீதி. குடியால் அழிந்த ஒரு தலைமுறை. சிறைக்குச் சென்று வந்த ஒருவர். பேசாமல் முறித்துக்கொண்ட உறவு. உறவினர் கூடும் நாள்களில் எவரும் உச்சரிக்கத் துணியாத ஒரு பெயர். இவற்றை நாம் இருவகையில் தவறாகக் கையாளுகிறோம். ஒன்று, ஆக்கானைப்போல் கூடாரத்தின் நடுவே புதைத்து, அதன் மேலேயே பாய் விரித்துப் படுக்கிறோம். அல்லது, மக்களைப்போல் கற்குவியல் எழுப்பி, போவோர் வருவோர்க்கெல்லாம் சுட்டிக் காட்டுகிறோம். முதலாவது குற்றவாளியின் வழி; இரண்டாவது ஊராரின் வழி. ஓசேயா காட்டியது மூன்றாவது வழி. புதைத்ததைத் தோண்டி எடுக்க வேண்டும். ஆனால் கல்லெறிவதற்காக அன்று, கதவைத் திறப்பதற்காக.

இந்த மூன்றாம் வழியில் நடந்த ஒரு மனிதரை லூக்கா நமக்குக் காட்டுகிறார் (19:1-10). அவரும் எரிக்கோவினரே. வரி தண்டுவோரின் தலைவரான சக்கேயு அநீதியாய்ச் சேர்த்த பொருளோடு வாழ்ந்தவர். இயேசு அவர் வீட்டுக்கு விருந்தாளியாய் வந்தார். கல்லெறியவில்லை, கணக்குக் கேட்கவும் இல்லை. சக்கேயு தாமாகவே எழுந்து நின்று, உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார். அன்று அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று ஆண்டவர் சாற்றினார். அவ்வூரின் அருகே ஒரு கூடாரம் முழுவதும் அழிந்தது. அவ்வூரிலேயே ஒரு வீடு முழுவதும் மீட்படைந்தது. இருவரும் பொருளைக் கவர்ந்தவர்களே. ஒருவன் அகப்பட்ட பின்னரே சொன்னான். மற்றவர் அன்பு செய்யப்பட்டதும் சொன்னார்.

தொடக்கத் திருச்சபையில் அனனியாவும் சப்பிராவும் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒளித்து வைத்ததைக் கூற, கிரேக்க யோசுவா நூல் ஆக்கானுக்கு வழங்கிய அதே அருஞ்சொல்லைத் திருத்தூதர் பணிகள் நூல் கையாளுகின்றது (5:2). கணவனும் மனைவியும் ஒன்றாகப் பேசி ஒன்றாக மறைத்தனர். இல்லறத்தின் ஒற்றுமை தீமைக்கும் பயன்படக்கூடும் என்பது இதனால் விளங்கும். அதே ஒற்றுமை உண்மைக்குப் பயன்பட்டால் எத்துணை ஆற்றல் பெறும்!

பாவசங்கீர்த்தனம் என்று நம் முன்னோர் அழைத்ததும், ஒப்புரவு அருட்சாதனம் என்று இன்று நாம் அழைப்பதும் இந்த மூன்றாம் வழியே. யோசுவா ஆக்கானிடம் 'மகனே' என்று தொடங்கியதுபோல் அங்கும் ஒரு தந்தையின் குரல் கேட்கின்றது. ஆனால் முடிவு வேறு. அங்கே கற்குவியல் எழுவதில்லை. ஏனெனில் நமக்குரிய தண்டனை நகருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் ஏற்கெனவே சுமக்கப்பட்டுவிட்டது. அதோடு, கவர்ந்ததைத் திருப்பித் தரும் கடமையும் நீங்கிவிடுவதில்லை என்பதைச் சக்கேயு நினைவூட்டுகிறார். மன்னிப்புப் பெற்ற கை, திருப்பிக் கொடுக்கவும் நீள வேண்டும்.

அன்பு வாசகர்களே! இத்தவக்காலத்திலோ, வரும் எந்த நாளிலோ, குடும்பமாக அமர்ந்து செபிக்கையில் ஓசேயாவின் இரண்டாம் அதிகாரத்தை முழுமையாக, ஓரடியும் விடாமல் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேளுங்கள். ஆக்கோர் என்ற பெயர் வரும் இடத்தில் சற்றே நிறுத்துங்கள். எந்தப் பெயரை, எந்த ஆண்டை, எந்தச் செயலை நினைத்து அவரவர் உள்ளம் அப்போது கலங்குகின்றதோ, அங்கேதான் இறைவன் கை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளிருந்து தாழ் நீக்க வேண்டியது நாமே.